பொட்டு உள்ள பக்கம்

காலை பத்தரைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை.
மூஃபியா மேட்டுப் பல்கலைக்கழகம்
பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக்
கதவிடுக்குகளில் ஈரத்துணி திணித்துக்கொண்டது.
கடைசிப் பேருந்து கடலைப் பார்த்து
சான்தெனி ஊருக்குள் இறங்கிப் போயிற்று.

நூலகத்தில் நாங்கள் நான்கு பேர்.
தரைத்தளத்தின் அடித்தட்டு எல்லாம்
இரண்டாம் மாடிக்கு ஏற வேண்டும்.
மின்தூக்கியை நிறுத்தியாயிற்று.

நான் வந்து மூன்றாம் நாள்.
புதுச்சேரியிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தம்:
யாரோ கொடுத்துவிட்டுப் போன
நானூற்றுப் பன்னிரண்டு தமிழ் நூல்களுக்கு
எண் எழுதி ஒட்ட வேண்டும்.
பதினான்கு வருடமாக அடித்தட்டில் கிடக்கின்றன.
இரவல் சீட்டில் ஒரு முத்திரை இல்லை.

தூசி தட்டி வந்தவள் ரோஸ்மே வய்யாபூரி.
உங்கள் பெயருக்குள் ஒரு வையாபுரி இருக்கிறது என்றேன்.
"ஆளா, ஊரா?" என்று கேட்டாள்.
பதிலுக்கு நிற்காமல் பெட்டியை நகர்த்தினாள்.

தலைகீழாக நிற்கும் என்று நம்பித்தான் குனிந்தேன்.
கொஞ்சம் ஆசையோடும்.
திருத்த ஏதாவது இருந்தால்தானே
கடல் தாண்டி வந்தவனுக்கு மரியாதை.

எல்லாம் நிமிர்ந்தே நின்றன.
இலக்கணம், சோதிடம், சமையல்,
பாதி செல்லரித்த ஒரு பயணக் கணக்கு,
வரிசையாக, தலை மேலே, கால் கீழே.

தமிழ் படிப்பீர்களா?
"ஒரு எழுத்தும் தெரியாது."
பிறகு எப்படி?

கையுறையைக் கழற்றாமல் ஓர் அட்டையைத் தொட்டாள்.
"பொட்டு இருக்கிறதே."
கிரியோல் பேச்சுக்கு நடுவில் அந்தச் சொல் மட்டும்
என் வீட்டுச் சொல்லாக வந்து விழுந்தது.
"நெற்றியில் வைப்பதைக் காலிலா வைப்பார்கள்?"

எனக்கு ஒன்றாம் வகுப்பில் வேறு சொன்னார்கள்:
உயிர் சேராத மெய்க்குத்தான் புள்ளி என்று.
முப்பது வருடம் அதைச் சந்தேகித்ததில்லை.

ஒன்று மட்டும் கவிழ்ந்திருந்தது.
*கடலோர வானிலை.*
ஏழெழுத்து. எதன் தலையிலும் புள்ளி இல்லை.
"அதற்குக் காசு சுண்டினேன்," என்றாள்.
திறந்து பார்த்திருக்கலாமே, உள்ளே ஆயிரம் இருக்குமே?
"எனக்குச் சம்பளம் அட்டைவரை."

நான் திறந்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன.
வங்கக் கடல், நாகப்பட்டினம்,
புயலைச் சுற்றி இடஞ்சுழியாக அம்புகள்.
ரோஸ்மே எட்டிப் பார்த்து, "தப்பு," என்றாள்.
கைப்பேசியில் எங்களை நோக்கி வரும் வெள்ளைச் சுழலைக் காட்டினாள்.
அது கோயிலைச் சுற்றுகிறவர்களைப்போல்
வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நூலைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
அம்புகள் அப்போதும் இடமாகவே போயின.
"பார். கவிழ்த்தாலும் மாறவில்லை."
ஆமாம், நடுக்கோட்டைத் தாண்டினால்தான் மாறும் என்றேன்.
சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல்
ஆறு நூல்களை மார்போடு அணைத்துப்
படியேறினேன்.

மூன்று மணிக்குச் சவுக்கு மரங்கள்
ஒரே பக்கம் சாய்ந்து இரைந்தன.
இருநூற்றெட்டாவது நடையில் மின்சாரம் போயிற்று.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சோதிடத்தைச் சமையலுக்கு மேல் வைத்தேன்.
இன்றைக்கு வரிசை வேண்டாம்,
நனையாமல் இருந்தால் போதும்.

ஏழுக்குச் சிவப்பு. அதற்குள் வீடு சேர வேண்டும்.
மருமகன் கீழே காரில் ஹாரன் அடித்தான்.
அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.
யாருடைய மேசையிலிருந்தோ
பிழை அழிக்கும் வெள்ளை மை.
வானிலை நூலை என்னிடம் நீட்டி, "எது மேல்?"
காட்டினேன்.
முதல் எழுத்தின் தலையில் ஒரு சொட்டு வைத்து
ஊதிக் காயவைத்து
மாடத்தில் நிறுத்திவிட்டுப் போனாள்.

இனி அந்தச் சொல்லை யாராலும் உச்சரிக்க முடியாது.
நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

புயல் போய் நான்காம் நாள்,
நனைந்த கம்பளங்களின் நாற்றத்தில் உட்கார்ந்து,
முதல் அட்டையாக அதற்கே எண் எழுதினேன்.
குறிப்பு என்ற இடத்தில்:
பக்கங்கள் 212. வரைபடங்கள் உண்டு.
ககரத்தின் மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று,
அச்சில் இல்லாதது.
அழிக்க வேண்டாம்.